கூரையில் ஒட்டும் கான்கிரீட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் நார்வே நாட்டின் யோவிக் நகரத்தில் மலையைக் குடைந்து கட்டிய ஐஸ் ஹாக்கி அரங்கத்தைப் பற்றி ஒரு சின்னப் பத்தி போட்டிருந்தோம். 62 மீட்டர் அகலம், 91 மீட்டர் நீளம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது, கூரையில் இருப்பது பாறைக்குள் இறக்கிய போல்ட்டுகளும் 10 சென்டிமீட்டர் ஷாட்கிரீட்டும்தான் என்று எழுதியிருந்தோம். ஷாட்கிரீட் என்றால் குழாய் வழியாக வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: சார், 10 சென்டிமீட்டர் என்பது அச்சுப்பிழைதானே? எங்கள் வீட்டில் 12 அடி அறைக்கே அஞ்சு இஞ்ச் ஸ்லாப் போட்டிருக்கிறோம். 62 மீட்டருக்கு நாலு இஞ்ச்சா?
- சிவில் மாணவர், திருநெல்வேலி

அச்சுப்பிழை இல்லை தம்பி. உங்கள் வீட்டு ஸ்லாப் தன் எடையையும் தன்மேல் நிற்பவர்களின் எடையையும் சுமந்து சுவரில் கொண்டுபோய் இறக்குகிறது, அதனால் அதற்குத் தடிமனும் வேண்டும், கம்பியும் வேண்டும். யோவிக் கூரையில் இருக்கிற கான்கிரீட் மேலே உள்ள 25 முதல் 50 மீட்டர் பாறையைச் சுமக்கவே இல்லை. சுமக்கச் சொன்னால் அன்றைக்கே உடைந்து விழுந்திருக்கும்.

அங்கே பாறையைத் தாங்குவது பாறைதான். வெடிவைத்துக் குடைந்த உடனே, அதுவரை அந்த இடத்தின் வழியாகப் போய்க்கொண்டிருந்த அழுத்தம் குடைவைச் சுற்றி வளைந்து போகிறது. பாறைத் துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வளைவு மாதிரி நின்றுவிடும். யோவிக்கில் இன்னொரு வசதி, அங்கே பக்கவாட்டு அழுத்தம் மேலிருந்து வரும் அழுத்தத்தைவிட அதிகம், கூரையை இரண்டு பக்கமும் இடுக்கிப் பிடிக்கிறது. குடைந்து முடித்த பிறகு கூரை அசைந்தது சில மில்லிமீட்டர்தான்.

அப்படியானால் கான்கிரீட் எதற்கு? எந்தப் பாறையிலும் வெடிப்புகள் இருக்கும், அவை குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆப்பு வடிவில் சின்னச் சின்னத் துண்டுகள் நிற்கும். அதில் ஒரு துண்டு விழுந்தால் பக்கத்துத் துண்டுக்கு நகர இடம் கிடைத்துவிடும். அது நகர்ந்தால் அடுத்தது. ஒரு கூடைக் கல்லில் ஆரம்பித்து ஒரு லாரி லோடு வரை போகும் சரிவுகள் இப்படித்தான் வருகின்றன. ஷாட்கிரீட் அந்த முதல் துண்டை விழவிடாது. வெடிப்புகளின் வாயில் புகுந்து இறுகி, பக்கத்துக் கல்லோடு சேர்த்து ஒட்டி, காற்றும் ஈரமும் பட்டுப் பாறை உதிராமல் மூடிவிடுகிறது. பெரிய துண்டுகளைப் பிடிப்பது போல்ட்டின் வேலை. யோவிக்கில் 6 மீட்டர் நீளத்தில் போல்ட்டும், இடையிடையே 12 மீட்டர் நீளத்தில் கேபிளும் இறக்கியிருக்கிறார்கள்.

எந்தப் பாறைக்கு எவ்வளவு தடிமன், எத்தனை மீட்டருக்கு ஒரு போல்ட் என்று கண்ணால் பார்த்து எண் போட்டுச் சொல்லும் முறையை நார்வேயில் பார்ட்டன், லியன், லுண்டே என்ற மூன்று பேர் 1974இல் வெளியிட்டார்கள். க்யூ முறை என்று பெயர், இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் புரட்டுகிறார்கள். அதே அட்டவணையில் மோசமான பாறைக்கு வந்தால் 10 சென்டிமீட்டர் 25 ஆகும், கம்பி வளையங்கள் வரும், கடைசிக் கட்டத்தில் ஷாட்கிரீட்டை நம்பாதே, அச்சுப்பலகை அடித்துக் கான்கிரீட் ஊற்று என்றே சொல்லிவிடும். யோவிக்கில் இருப்பது நைஸ் (gneiss) என்ற கெட்டிப் பாறை ரகம். அந்த 10 சென்டிமீட்டரை எல்லா மலைக்கும் பொதுக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் 30 வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். சீலிங் பூசும்போது பாதிச் சாந்து என் தலையில்தான் விழும். அவ்வளவு கனத்துக்கு மேலே அடித்தால் எப்படி நிற்கிறது? ஏதாவது பசை கலக்கிறார்களா?
- கரூர்

பசை இல்லை, அண்ணே. வேகமும், சட்டென்று இறுக வைக்கும் ஒரு மருந்தும்.

முதலில் கலவையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கனமீட்டருக்கு 400 முதல் 500 கிலோ சிமெண்ட், நீங்கள் ஸ்லாபுக்குப் போடுவதைவிடக் கணிசமாக அதிகம். ஜல்லி 8 அல்லது 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாது, பெரிய ஜல்லி அடித்த வேகத்தில் தெறித்துத் திரும்பிவிடும். கூடவே சிலிக்கா ஃபியூம் என்ற மிக நுண்ணிய தூள். இது கலவையைப் பிசுபிசுப்பாக்கும், மேலே ஒட்டி நிற்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் ஸ்டீல் ஃபைபர், சுமார் 3 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு முனையும் கொக்கி போல வளைந்த கம்பித் துணுக்குகள், கனமீட்டருக்கு 25 முதல் 40 கிலோ. முன்பு பாறையில் வயர்மெஷ் கட்டி அதன்மேல் அடிப்பார்கள், மேடுபள்ளமான பாறையில் மெஷ் கட்டுவது பெரிய தொல்லை, கட்டுகிறவர் தலைக்கு மேல் பாதுகாப்பில்லாத பாறை வேறு. ஃபைபர் வந்த பிறகு அந்த வேலையே பல இடங்களில் போய்விட்டது.

இந்தக் கலவை பம்பிலிருந்து ஹோஸ் வழியாக நாசிலுக்கு, அதாவது ஹோஸின் பீய்ச்சும் முனைக்கு, வரும்போது கூழாகத்தான் இருக்கும். நாசிலில் இரண்டு சேர்கின்றன. ஒன்று கம்ப்ரசர் காற்று, இன்னொன்று நான் சொன்ன அந்த இறுக வைக்கும் மருந்து, ஆக்சிலரேட்டர். சிமெண்ட் எடையில் 4 முதல் 8 சதவீதம் வரை இந்த மருந்து. நாசிலை விட்டு வெளியே வந்து பாறையில் மோதுவதற்குள் கலந்து, மோதிய சில நொடிகளில் கூழ் கெட்டிப்பட ஆரம்பித்துவிடும். நீங்கள் மட்டப்பலகை எடுப்பதற்குள் அது கைக்கு அடங்காது. அதற்காக மருந்தை அள்ளி ஊற்றினால் மேலே நன்றாக நிற்கும், ஆனால் 28 நாள் பலம் குறைந்துபோகும். சைட்டில் அவசரத்துக்கு இந்தத் தப்பு அடிக்கடி நடக்கும்.

இவ்வளவு இருந்தும் கொஞ்சம் கீழே விழத்தான் செய்யும், அதற்கு ரீபவுண்ட் என்று பெயர். ஈரக் கலவை முறையில் பத்துக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர் முறை என்று ஒன்று இருக்கிறது, சிமெண்ட்டும் மணலும் உலர்ந்தபடியே காற்றில் வந்து நாசிலில்தான் தண்ணீர் சேரும், அதில் கால் பங்கு வரைகூட வீணாகும். விழுந்ததை அள்ளி மறுபடி மெஷினில் போடக் கூடாது. அதில் பெரும்பாலும் ஜல்லியும் மணலும்தான் இருக்கும், சிமெண்ட் மேலேயே தங்கிவிட்டது.

கை வேலை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், அதுதான் முக்கியம். அடிப்பதற்கு முன் தொங்கும் கல்லைத் தட்டி எடுத்துவிட்டு, காற்றும் தண்ணீரும் அடித்துப் பாறையைக் கழுவ வேண்டும். தூசி மேல் அடித்தது பாறையில் ஒட்டாது, தூசியில்தான் ஒட்டும். நாசில் பாறைக்கு நேர் செங்குத்தாக, ஒன்று ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் ரீபவுண்ட் ஏறும். தூரம் போனால் வேகம் குறைந்து பொத்தென்று படியும். நல்ல நாசில்மேன் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே, சுவரின் அடியில் ஆரம்பித்து மேலே ஏறுவார். மேலிருந்து இறங்கினால் விழுகிற ரீபவுண்ட் எல்லாம் சுவரடியில் குவியும், அதை மூடி அடித்துவிட்டால் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வெறும் மணல் பை. சுவர் வேலை முடிந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தால் கிண்ணென்று கேட்க வேண்டும், பொக்கென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, டைல் தட்டிப் பார்ப்பதும் இதே காதுதான்.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர் யார்?
- 9ஆம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

சொன்னால் நம்பமாட்டாய் பாப்பா, செத்த விலங்குகளைப் பாடம் செய்கிறவர்! அமெரிக்காவில் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த கார்ல் ஏக்லி. அருங்காட்சியகக் கட்டடத்தின் வெளிப்பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய, பூச்சைக் காற்றால் வீசி அடிக்கும் ஒரு கருவியை 1907 வாக்கில் செய்தார். 1911இல் காப்புரிமை கிடைத்தது. சிமெண்ட் துப்பாக்கி என்றும், அதில் அடித்ததைக் கன்னைட் என்றும் சொன்னார்கள், இன்றைக்கும் நம் ஊர்க் கான்ட்ராக்டர்கள் கன்னைட்டிங் என்றுதான் சொல்கிறார்கள். ஏக்லி ஆப்பிரிக்காவில் ஒரு சிறுத்தையை வெறுங்கையால் கொன்றவர் என்பது தனிக் கதை.

கேள்வி: பெர்கனில் 20 வருடமாக இருக்கிறோம். எங்கு போனாலும் சுரங்கப்பாதைதான். மற்ற நாடுகளில் வழுவழு என்று இருக்கிற சுவர் இங்கே கரடுமுரடாக, பாறை மேலே சும்மா தெளித்துவிட்ட மாதிரி இருக்கிறது. செலவு மிச்சம் பிடிக்கிறார்களா? பாதுகாப்பானதா?
- வாசகி, நார்வே

செலவு மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது உண்மை, அதை அவர்களே ஒளிக்கவில்லை. நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாலைச் சுரங்கப்பாதைகள் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் உள்ளே கான்கிரீட் வார்த்தால் கட்டுப்படியாகாது. பெரும்பாலும் கெட்டிப் பாறை என்பதால் போல்ட்டும் ஃபைபர் ஷாட்கிரீட்டும் தற்காலிகத் தாங்கலாக இல்லாமல் அதுவே கடைசித் தாங்கலாகவும் நின்றுவிடுகிறது. நீங்கள் போயிருப்பீர்களே, 24.5 கிலோமீட்டர் நீளமுள்ள லார்டால் சுரங்கப்பாதை, 2000இல் திறந்தது, அதுவும் இப்படித்தான். மேலே மலை அவ்வளவு உயரம் என்பதால் தோண்டும்போது அழுத்தம் தாங்காமல் பாறை சுவரிலிருந்து தானாகத் தெறித்தது. அந்த மாதிரி இடத்தில் கெட்டியான, விறைப்பான சுவர் உதவாது. ஃபைபர் போட்ட ஷாட்கிரீட் விரிசல் விட்டாலும் கம்பித் துணுக்குகள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால்தான் அங்கே அதற்கு மதிப்பு.

நீங்கள் கண்ணால் பார்ப்பது எல்லாமே பாறை மேல் அடித்தது என்றும் நினைக்க வேண்டாம். பல இடங்களில் சொட்டும் தண்ணீரைத் தடுக்கவும், குளிரில் அது உறையாமல் இருக்கவும் நுரைப் பாய்களைத் தொங்கவிட்டு, தீப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் ஷாட்கிரீட் அடித்திருப்பார்கள். பாறை அதற்குப் பின்னால் இருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் நார்வே ஒரு அடி வாங்கியிருக்கிறது. 2006 கிறிஸ்துமஸ் அன்று ஈ18 நெடுஞ்சாலையில் ஹானெக்லைவ் சுரங்கப்பாதையின் கூரை சரிந்து விழுந்தது. திறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அந்த நேரம் வண்டி எதுவும் வராததால் யாருக்கும் அடியில்லை. அந்த இடத்தில் பாறைக்குள் களிமண் பட்டை ஒன்று இருந்தது, தண்ணீர் பட்டால் உப்புகிற ரகம். உப்புகிற களிமண்ணுக்கு ஷாட்கிரீட் பூச்சு தாங்காது, அங்கே கனமான கான்கிரீட் வளையம் வார்த்திருக்க வேண்டும். வேலை நடக்கும்போதே ஷாட்கிரீட் அடித்து மூடிவிட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது. அதனால் அடிப்பதற்கு முன் புவியியலாளர் வந்து பாறையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு ரொம்பக் கறாராக வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், மூடிய பிறகு போடுகிற பத்துச் சோதனையைவிட மூடுவதற்கு முந்தைய அந்த அரைமணி நேரம் பெரிது.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் ஜம்முப் பக்கம் ஒரு ரயில் சுரங்கப்பாதை வேலையில் நாசில் பிடிக்கிறார். லீவில் வந்தால் இருமல் நிற்க மாட்டேன் என்கிறது. இந்த வேலையால்தான் இருக்குமா?
- விழுப்புரம் மாவட்டம்

இருமலின் காரணத்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும் அம்மா, நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், போகும்போது சுரங்கப்பாதை வேலை என்பதையும் எத்தனை வருடம் என்பதையும் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் டிபி மாத்திரையோடு திருப்பி அனுப்பும் வாய்ப்பு உண்டு.

வேலையைப் பற்றி நான் சொல்லக்கூடியது இது. பாறையைத் துளைக்கும்போதும் ஷாட்கிரீட் அடிக்கும்போதும் வரும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், வந்தால் குணமாகாது. உலர் முறையில் தூசி மிக அதிகம், ஈர முறையில் கணிசமாகக் குறைவு. அவர் எந்த மெஷினில் வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பது பிரயோஜனமில்லை, நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும், அதைக் கம்பெனிதான் தர வேண்டும். கேட்பது சலுகை இல்லை. கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் சில பழைய ரக ஆக்சிலரேட்டர்கள் கடும் காரம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இப்போது காரமில்லாத ரகம் வந்துவிட்டது.

இன்னொன்று, இது தூசியைவிட அவசரமானது. புதிதாக அடித்த கூரைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. மேலே ஒட்டியிருக்கிறதே என்று தோன்றும், ஆனால் அது பலம் பிடிக்கும் வரை கனமான பாளமாகப் பெயர்ந்து விழலாம். ஊசி குத்திப் பார்த்து இவ்வளவு பலம் வந்துவிட்டது என்று அளந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும், பல சுரங்கங்களில் 1 மெகாபாஸ்கல் (கான்கிரீட்டின் பலத்தை அளக்கும் அலகு) என்று எல்லை வைத்திருக்கிறார்கள். ஹோஸ் அடைத்துக்கொண்டால் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், அழுத்தத்தோடு கழற்றினால் ஹோஸ் பாம்பு மாதிரி அடித்து ஆளையே கொல்லும். பெரிய சைட்டுகளில் இப்போது ரோபோ கை வைத்து, ஆள் தள்ளி நின்று ரிமோட்டில் அடிக்கிறார்கள். அவருக்கு அதில் பயிற்சி கிடைத்தால் விடவே வேண்டாம்.

கேள்வி: உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 பேர் மாட்டிக்கொண்டார்களே, அங்கே ஷாட்கிரீட் அடிக்கவில்லையா?
- வாசகர், மதுரை

அடித்திருந்தார்கள். 2023 நவம்பர் 12, தீபாவளி அன்று அதிகாலையில் சரிந்தது சுரங்கப்பாதையின் முனை இல்லை, வாயிலிலிருந்து 200 மீட்டர் சொச்சத்தில் ஏற்கெனவே தோண்டித் தாங்கல் கொடுத்திருந்த பகுதி. அங்கே வடிவத்தைச் சரிசெய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. முன்னால் வேலை பார்த்தவர்கள் பின்னால் விழுந்த இடிபாட்டால் உள்ளே அடைபட்டார்கள். ஷாட்கிரீட் அடித்தாயிற்று, வேலை முடிந்தது என்று இமயமலையில் சொல்ல முடியாது. நொறுங்கிய இளம் பாறை, மாதக்கணக்கில் மெதுவாக நெருக்கிக்கொண்டே வரும். சுவர் எவ்வளவு உள்ளே வருகிறது என்று தினமும் அளந்து, தேவைப்பட்டால் இன்னும் அடித்து, இன்னும் போல்ட் போட்டு, அடித்தளத்தையும் மூடி வளையத்தை முழுமையாக்க வேண்டும். 1994இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ரயில் சுரங்கப்பாதை இடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் அடித்தளப் பகுதியின் மோசமான வேலைதான். எல்லோரும் கூரையையே பார்க்கிறோம், வளையம் அறுந்துபோவது காலடியில்.

சில்க்யாரா மீட்புப் பணியில் முதலில் இடிபாட்டை அள்ளிக்கொண்டே ஷாட்கிரீட் அடித்து நிறுத்தப் பார்த்தார்கள். அள்ள அள்ள மேலிருந்து வந்துகொண்டே இருந்தது. தளர்ந்து ஓடும் மண்ணுக்கும் கல்லுக்கும் அது ஒட்டுவதற்குப் பிடிமானமே இல்லை. கடைசியில் குழாய் செலுத்தி, துளையிடும் ஆகர் மெஷினும் உடைந்து, எலிவளை போன்ற குறுகிய துளைகளில் தோண்டிப் பழகிய சுரங்கத் தொழிலாளர்கள் கையால் தோண்டித்தான் 17ஆம் நாள் 41 பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள்.

கேள்வி: தண்ணீர் கொட்டும் பாறையில் அடிக்க முடியுமா?
- வாசகர், வால்பாறை

கசிவு என்றால் முடியும், கொட்டினால் கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீரை முதலில் குழாய் வைத்து ஒரு பக்கமாக வழிநடத்திவிட்டு, சுற்றிலும் அடித்துக்கொண்டு வருவார்கள். குழாயை அடைக்கவே கூடாது. அடைத்தால் பின்னால் அழுத்தம் கூடிப் பூச்சையே தள்ளிவிடும். ரொம்ப மோசமான இடமென்றால் தோண்டுவதற்கு முன்பே முன்னால் துளையிட்டுச் சிமெண்ட் பால் செலுத்தி வெடிப்புகளை அடைக்க வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் ரோதங்கில் அடல் சுரங்கப்பாதை தோண்டியபோது சேரி நாலா ஓடைக்கு அடியில் சுமார் 600 மீட்டரைக் கடக்க நாலு வருடம் போல ஆனது, காரணம் தண்ணீர்.

கேள்வி: சென்னை மெட்ரோவில் இது உண்டா?
- வாசகி, அயனாவரம்

நிலையங்களுக்கு நடுவே நீங்கள் ரயிலில் போகும் வட்டச் சுரங்கப்பாதையில் இல்லை. அதைத் தோண்டும் ராட்சத மெஷினே பின்னால் தயாரான கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டிக்கொண்டே போகிறது, ஆகவே அடிக்க இடமும் இல்லை, அவசியமும் இல்லை.

கேள்வி: தோட்டத்துக் கிணறு 60 அடி. மேலே 20 அடி மண் சரிந்துகொண்டே இருக்கிறது, கீழே பாறை அப்படியே நிற்கிறது. ஷாட்கிரீட் அடிக்கலாம் என்று ஒரு கான்ட்ராக்டர் சொல்கிறார். சரியா?
- விவசாயி, பெருந்துறை

அடிக்கலாம், ஆனால் வெறும் மண் மேல் நேராக அடித்தால் அடுத்த மழைக்கு மண்ணோடு சேர்ந்து உரிந்து வரும். மண் பகுதியைச் சரிவாகச் செதுக்கி, உள்ளே நீளக் கம்பிகளைச் சாய்வாக இறக்கிச் சிமெண்ட் பால் ஊற்றி, அந்தக் கம்பிகளோடு மெஷ்ஷைக் கட்டி, அதன்மேல் 3, 4 இஞ்ச் அடிக்க வேண்டும். மண்ணும் பாறையும் சேரும் இடத்தில்தான் ஊற்று வரும், அங்கே வரிசையாகக் குழாய்த் துளை விடச் சொல்லுங்கள். கீழே பாறைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், காசு மிச்சம். கம்பி எத்தனை அடி ஆழம், துளை எத்தனை என்று கான்ட்ராக்டரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் இல்லாமல் சதுர அடி ரேட் மட்டும் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். உங்கள் பக்கம் கருங்கல் சல்லிசாகக் கிடைக்கும் என்றால் கல் கட்டடமும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள், 20 அடிக்கு அது மலிவாகவே முடியலாம்.